ஆளில்லா மண்டபத்தில் சொன்ன பெயர்

நீங்கள் மைக்கைப் பரிசோதிக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவர் விரலால் தட்டினார். ஒருவர் "ஹலோ, ஹலோ, உனோ, துவே" என்று இத்தாலியத்தில் எண்ணினார். மூன்றாமவர் மைக்குக்குள் ஊதினார். மைக்குக்குள் ஊதுகிறவர்களுக்கு விருந்துச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். யாரும் காதில் வாங்கவில்லை என்று தெரிகிறது.

என்னைத் தெரியாத புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, கிழமை நாட்களில் ஒரு சின்யோரா அம்மாவின் வீட்டில் தரை துடைத்து, சனி ஞாயிறுகளில் ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தூக்கித் திரிந்தவன் நான். திருநாள், கல்யாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் என் ஒலி மிக்ஸர் போயிருக்கிறது. முதுகும் இடது காதும் இனிப் போதும் என்று சொன்ன பிறகு அதை உங்களிடம் தந்துவிட்டேன். "அங்கிள், உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ, எங்களுக்கு உதவும்" என்று கேட்டீர்கள். எந்த வயரை எங்கே செருகுவது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்கள் ஃபோனில் வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது. மிக்ஸரின் கட்டையில் கையை வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியாமல் நிற்கும் நேரம் ஒன்று உங்களுக்கும் வரும். அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு அதைக் காட்டித் தந்தவர் எங்கள் ஆள் இல்லை. நைஜீரியாவின் கிழக்குப் பக்கத்து இக்போ மனிதர். ஹைலைஃப் என்ற அவர்களுடைய இசையைப் பாடிய பாட்டுக்காரர். பலெர்மோவில் எல்லோரும் அவரை மாயெஸ்த்ரோ, அதாவது இசை ஆசான், என்றே கூப்பிட்டார்கள். என்னைவிடச் சில வயது மூத்தவர். நாங்கள் இருவரும் இத்தாலியத்தையும் ஆங்கிலத்தையும் போட்டுக் குழைத்துத்தான் கதைத்தோம். அதை அப்படியே எழுதினால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அதனால் அவர் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவருடைய பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

அவரை முதன்முதலில் கண்டது பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கராஜில். அதை நைஜீரியச் சங்கம் மண்டபமாக வாடகைக்கு எடுத்து வைத்திருந்தது. எங்கள் ஆட்களுடைய கல்யாணம் ஒன்றில் என் ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பெட்டிகளை இறக்கி வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் தனியாக வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் கிற்றார். வாத்தியக்காரர் யாரும் வந்து சேரவில்லை. மைக்கை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, வெறும் கதிரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, தாழ்ந்த குரலில் தன் மொழியில் ஏதோ சொன்னார். அது பாட்டு இல்லை, செபமும் இல்லை. மூன்று துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு மூச்சு இடைவெளி. சொல்லி முடித்ததும் "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர்களுடைய 'உனோ, துவே, த்ரே' இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் பாடிய இடமெல்லாம் என் பெட்டிகளும் போயின. அவருடைய குழுவைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கும். டிரம்ஸ் அடித்தவர் கானாக்காரர். டிரம்பெட் ஊதியவர் போர்கோ வெக்கியோவில் மீன் விற்கும் பலெர்மோக்காரர். அதுவரைக்கும் புனிதர்களின் ஊர்வலங்களில் மட்டும் ஊதிப் பழகியவர். முதல் சில மாதங்கள் அவர் டிரம்பெட்டை எடுத்தாலே புனிதரின் சுரூபம் வெளியே வருகிறது என்று எழுந்து நிற்கத் தோன்றும். மாயெஸ்த்ரோ அவரைத் திருத்தவில்லை. "அவருக்குத் தெரிஞ்ச துக்கத்தை ஊதட்டும், கிற்றார் அதைத் தூக்கிக்கொண்டு போகும்" என்றார். அப்படியே நடந்தது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அவர்தான் முதல் ஆளாக வருவார். ஆளில்லாத மண்டபத்தில் அந்த மூன்று துண்டுகளைச் சொல்வார். யாராவது ஒருவர் தரை கூட்டிக்கொண்டு நின்றால்கூடச் சொல்ல மாட்டார். "செக், செக்" என்று முடித்துவிடுவார். நான் மட்டும் அவருக்குக் கணக்கில் இல்லை. ஒலிக்காரனை யாரும் ஆளாக எண்ணுவதில்லை. இந்தத் தொழிலில் அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை, பெரிய பொறுப்பும் அதுவே.

பலெர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் கல்யாணம் ஒன்று நடந்தது. இக்போ மாப்பிள்ளை, இக்போ பெண். ஹைலைஃப் பாட்டு நீளமானது. கிற்றார் ஒரே வளையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் பாடகர் வந்திருப்பவர்களின் பெயர்களைக் கூப்பிடுவார். வெறும் பெயர் மட்டும் இல்லை. இன்னாரின் மகன், இன்ன ஊரவர், இன்ன நல்லது செய்தவர் என்று அடுக்குவார். பேர் வந்தவர் எழுந்து ஆடிவிட்டு உட்காருவார். அன்றைக்குக் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மாளிகையின் பொறுப்பாளர் என் மேசைக்கு வந்தார். மெலிந்த மனிதர், டை கட்டியிருந்தார், முகத்தில் பொறுமை இல்லை.

"பாஸ்தா, போதும். நிறுத்து. கேக் வெட்ட வேணும்" என்றார்.

"பாட்டு முடியேல்லை" என்றேன்.

"ஒரே பாட்டைத்தானே இவ்வளவு நேரமும் பாடினம். இப்ப முடிஞ்சால் என்ன, பிறகு முடிஞ்சால் என்ன" என்று சொல்லிக்கொண்டே அவர் மின்சாரக் கட்டையைப் பிடுங்கக் குனிந்தார்.

நான் மண்டபத்தைப் பார்த்தேன். நடுவில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆடவில்லை, கதைக்கவில்லை, நிமிர்ந்து நின்றார். அவரைச் சுற்றி இருந்தவர்களும் உட்காரவில்லை. அவர் பெண்ணின் தகப்பன் என்று எனக்கு அப்போது தெரியாது. சம்பந்தி வீட்டார் எல்லோருடைய பெயரும் வந்து, தன் பெயர் வராமல் அவர் உட்கார நேர்ந்தால் அது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்றும் தெரியாது. ஒரு மனிதர் எதற்கோ காத்து நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. டிரம்ஸையும் டிரம்பெட்டையும் மெல்ல அடியோடு இறக்கினேன். கிற்றாரும் குரலும் மட்டும் மிஞ்சின. "பார்த்தீங்களோ, முடிஞ்சுது. நன்றி சொல்லுறார், அவ்வளவுதான்" என்றேன். இரைச்சல் அடங்கியதும் அந்த டைக்காரருக்கு மனம் ஆறிவிட்டது. தட்டு எண்ணப் போய்விட்டார். அந்த அமைதியில் மாயெஸ்த்ரோ சிவப்புத் தொப்பிக்காரரின் பெயரை, அவருடைய தகப்பன் பெயரோடு, ஊரோடு கூப்பிட்டார். அந்த மனிதர் ஆடவேயில்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்று அழுதார்.

என் வான் வண்டியில் திரும்பும்போது மாயெஸ்த்ரோ கேட்டார்: "அந்தாள் பிடுங்கச் சொல்லியும் ஏன் நிப்பாட்டேல்லை?"

"ஒரு ஐயா நிண்டுகொண்டிருந்தவர்."

"அது காணும். ஒருத்தன் எழும்பி நிண்டால், அவன்ரை பேர் வரும்வரைக்கும் பாட்டு முடியேல்லை. எங்கடை ஊரிலை இதை விளங்க எனக்குப் பத்து வருசம் எடுத்தது."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகிவிட்டது. அந்தத் துணிவில் கேட்டேன்: "எல்லாற்றை பேரையும் நீங்கள் கூப்பிடுறியள். உங்கடை பேரை ஆர் கூப்பிடுறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலெர்மோவின் விளக்குகள் தெரியும்வரைக்கும் கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். தம்பிமாரே, தங்கச்சிமாரே, மணிக்கூட்டைப் பார்க்க மண்டபக்காரர் இருக்கிறார். நீங்கள் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

பதில் பலெர்மோவின் கபோ சந்தையில் கிடைத்தது. அவருக்கும் எனக்கும் வேலை இல்லாத ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கிழங்கு வாங்கப் போயிருந்தோம். சந்தை முடியும் மூலையில் ஒரு நைஜீரிய அம்மா பெரிய கிழங்குகளும் கறிவாழைக்காயும் விற்றுக்கொண்டிருந்தார். கடைக்குள் பழைய கசெட் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. இளமையான குரல், துள்ளுகிற கிற்றார். கிழங்கை எடுத்த மாயெஸ்த்ரோவின் கை அப்படியே நின்றது.

"நல்ல பாட்டு. ஆர் பாடுறது?" என்று நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

அவர் ஒரு பெயரைச் சொன்னார். "எங்கடை பஸ் ஸ்டாண்டுகளிலை எல்லாம் ஒரு காலத்திலை இவற்றை பாட்டுத்தான். பாவம், செத்துப்போனார் எண்டு சொல்லுகினம்."

"ஓம். நானும் கேள்விப்பட்டனான்" என்றார் மாயெஸ்த்ரோ. கிழங்கைப் பையில் போட்டார்.

அந்த அம்மா சொன்ன பெயர் என் காதில் ஏற்கெனவே இருந்தது. ஆளில்லாத மண்டபங்களில் நான் கேட்டுக்கொண்டிருந்த மூன்று துண்டுகளில் முதலாவது துண்டு அது. காதை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்துக் கோயில் படியில் கிழங்குப் பையை வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் அவர் தன் கதையைச் சொன்னார்.

அவர்களுடைய பகுதியில் பெரிய யுத்தம் நடந்தபோது அவர் சின்னப் பிள்ளை. முற்றுகைக்குள் உப்பு இல்லாமல் போனது. பிள்ளைகள் வீங்கிச் செத்தார்கள். உப்புத் தேடிப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு பட்டணத்து ஹொட்டேல் ஒன்றில் ஆடல் குழுவுக்குப் பெட்டி தூக்கப் போனார். அங்கே கிற்றார் பிடித்தார். இரண்டாவது கிற்றார்காரரானார், பிறகு தனிக் குழு வைத்தார். மேலட்டையில் தன் பெயர் போட்டு வந்த கசெட் ஒன்று ஊர் ஊராக ஓடியது. கொஞ்சக் காலம்தான். கசெட்டைக் கண்டவர் எல்லாம் பிரதி எடுத்தார்கள், ஹொட்டேல்கள் குழுக்களை நிறுத்தின, வாத்தியக்காரர்கள் சிதறிப்போனார்கள். அந்த நேரம் இத்தாலியில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுத்திருந்த பெரியப்பா மகன் நோயோடு ஊருக்குத் திரும்பி, ஊரிலேயே இறந்துபோனார். இருவருக்கும் ஒரே முகவெட்டு. வீட்டார் கூடி, அந்தப் பத்திரங்களை இவருடைய கையில் கொடுத்தார்கள்.

மேற்கொண்டு எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களில் எத்தனை பேர் யாருடைய கடவுச்சீட்டில் வந்தோம் என்று வெளியே சொல்லுவோமா?

"விமான நிலையத்திலை அவன்ரை பேரைச் சொன்னன். அண்டைக்குத் தொடங்கினது. வேலை அவன்ரை பேரிலை, வீடு அவன்ரை பேரிலை, பிள்ளை பிறந்தபோது அவளுக்கும் அவன்ரை பேர். இனி மாத்தேலாது. மாத்தினால் அவளின்ரை எல்லாம் போயிடும்."

"அப்ப மண்டபத்திலை நீங்கள் சொல்லுறது?"

"என்ரை பேர். என்ரை ஐயாவின்ரை பேர். ஊர். ஐயாவுக்குக் கல்லறை இல்லை. என்ரை பேருக்குப் பின்னாலைதான் அவர் இருக்கிறார். நான் சொல்லாட்டில் அவர் எங்கையும் இல்லை." கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணை அவர் விரலால் தட்டினார். "நீ கேட்டிட்டாய். பரவாயில்லை."

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. மைக் மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மனிதர்கள் உங்கள் காதுக்குள் என்னென்னவோ சொல்லுவார்கள். பெண் பார்க்க வந்தவர் தாயிடம் சொல்வது, பாதர் உடை மாற்றும் சக்கிறீஸ்தி அறையில் முணுமுணுப்பது, எல்லாம் உங்கள் ஹெட்போனுக்குள் வரும். அது உங்களுடைய சொத்து இல்லை.

பிறகும் பல வருடங்கள் நாங்கள் திரிந்தோம். கல்யாணம், ஞானஸ்நானம், செத்தவீடு என்று எத்தனையோ பேரின் பெயர்களை அவர் பலெர்மோவில் கூப்பிட்டார். தன் பெயரை வெறும் கதிரைகளுக்கு மட்டும் சொன்னார். எனக்கு அது வலித்தது. மனிதர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில் ஒரே ஒரு தரம் அவர் அதைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நடக்கவில்லை. வயிற்றில் நோய் வந்தது. குரல் தேய்ந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கட்டிலின் கால்மாட்டில் அந்த மற்றப் பெயர் எழுதித் தொங்கியது. நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மாத்திரை கொடுத்தார். அவர் போன பிறகு மாயெஸ்த்ரோ என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

"இஞ்சை டெஸ்ட் பண்ண மைக் இல்லை" என்றார்.

மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவருடைய வாய்க்கு முன்னால் பிடித்தேன். அவர் சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மூன்று துண்டுகளையும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே இடைவெளி. "சத்தம் எப்பிடி?" என்று கேட்டார். "நல்லாயிருக்கு" என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன்.

இனி நான் எழுதுவதை அவருடைய மகள் வாசித்து, பெயர்கள் இல்லாமல் எழுதலாம் என்று சம்மதம் தந்திருக்கிறாள். பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். தாய் எப்போதோ பிரிந்து வடக்கே போய்விட்டார், தகப்பன்தான் வளர்த்தார்.

அவர் இறந்த பிறகு உடலை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன்னால் இங்கே கோயிலில் பூசை. முதல் நாள் நைஜீரியச் சங்கத் தலைவர் என்னை ஃபோனில் கூப்பிட்டார். அவருக்கும் மாயெஸ்த்ரோவின் சொந்தப் பெயர் தெரியும். அவர்களுடைய ஆட்களில் வயதான சிலருக்குத் தெரியும், சொல்லாமல் இருந்தார்கள்.

"ஒரு பிரச்சினை. ஊரிலை அவற்றை வங்கிசத்துப் பெரியவர் ஒத்துக்கொள்ளுறார் இல்லை" என்றார்.

"எதுக்கு?"

"சவப்பெட்டியிலை இருக்கிற பேருக்கு. அந்தப் பேர்க்காரனை நாங்கள் முந்தியே அடக்கம் பண்ணியிட்டம், ஒருத்தனுக்கு ரெண்டு தரம் நிலம் வெட்டேலாது எண்டுறார். பெட்டி வெளிக்கிட முதல், அவரோடை நிண்ட ஒருத்தர் பெட்டிக்கு முன்னாலை அவற்றை சொந்தப் பேரைத் தேப்பன் பேரோடை கூப்பிட வேணுமாம். ஊர்ச் சனம் அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேணுமாம். அதுக்குப் பிறகுதான் மண்வெட்டி எடுப்பினமாம்."

இக்போ ஊர்கள் எல்லாவற்றிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் அப்படிச் சொன்னார், அதில் அவர் அசையவில்லை. முகத்தை வீடியோவில் பார்த்தால் ஆள் யாரென்று தெரியாதா என்று கேட்டேன். முகத்துக்கு நிலம் வெட்டுவதில்லை, பெயருக்குத்தான் வெட்டுவது என்று பெரியவர் சொன்னதாகத் தலைவர் சொன்னார்.

காலையில் கோயிலுக்குப் போனேன். கல் கோயில், உயர்ந்த கூரை, சத்தம் போனால் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும் இடம். பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது மகள் என் மேசைக்கு வந்தாள். இங்கத்தைப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வதுபோல என்னை ஸியோ, மாமா, என்றுதான் கூப்பிடுவாள்.

"ஸியோ, பாதர் வாசிக்கிற பேரைத் தவிர வேறை ஒரு பேரும் ஸ்பீக்கரிலை வரக் கூடாது."

கையிலிருந்த வயரைக் கீழே வைத்தேன்.

"ஊரிலை என்ன கேக்கினம் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் பூசை லைவாப் போகுது. வெளியிலை முற்றத்திலையும் ஸ்பீக்கர் வைச்சிருக்கிறியள். ஆரோ ஒருத்தர் கேட்டு, ஆரோ ஒருத்தருக்குச் சொல்லி, அது குவெஸ்தூராப் பொலிஸுக்குப் போனால்? என்ரை எல்லாப் பத்திரத்திலையும் அப்பா எண்டு அந்தப் பேர்தான் கிடக்கு. அப்பாவுக்குப் போக ஒரு ஊர் இருக்கு. எனக்கு இஞ்சையை விட்டால் ஒண்டும் இல்லை." அவளுடைய குரல் உடையவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாயிருந்தது. "ஆரும் அந்தப் பேரைச் சொல்லத் தொடங்கினால் மைக்கை நிப்பாட்டுங்கோ. பூசையிலை அது கேக்கக் கூடாது. சொல்லுங்கோ, நிப்பாட்டுவியள்தானே?"

"ஓம் பிள்ளை. பூசையிலை கேக்காது" என்றேன்.

அவள் போய் முன்வாங்கில் தனியாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தலைவர் வந்தார். பூசை முடியும்போது தான் எழும்பிப் பெயரைக் கூப்பிடப்போவதாகவும், ஊர் ஃபோனை மிக்ஸரில் இணைத்துவிடும்படியும் சொன்னார். "என்ன நடந்தாலும் மைக்கை மட்டும் நிப்பாட்டாதை. நாளைக்குப் பெட்டி பிளேன் ஏறுது. இண்டைக்குக் கூப்பிடாட்டில் இனி இல்லை." சொல்லிவிட்டுச் சனங்களை வரவேற்க வெளியே போனார்.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒருவர் திறக்கச் சொல்கிறார், ஒருவர் மூடச் சொல்கிறார், இருவரிலும் பிழை இல்லை. பெட்டிக்குள் இருப்பவர் எதையும் சொல்ல முடியாதவர். கட்டை உங்கள் கையில் இருக்கிறது. இதற்கு எந்த வீடியோவிலும் பதில் கிடையாது. நான் செய்ததைச் சொல்கிறேன். என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பூசை தொடங்கவில்லை. சனங்கள் வெளியே முற்றத்தில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்தவர்கள் பெட்டியில் அவர், முன்வாங்கில் மகள், ஓரத்தில் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மீன்காரர், நான். மண்டபம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. மாயெஸ்த்ரோ என்றால் வேலை தொடங்கும் நேரம் அது.

லைவுக்கு நிறுத்தி வைத்திருந்த ஃபோனைப் போய்ப் பார்த்தேன். தொடங்கியிருக்கவில்லை. முற்றத்து ஸ்பீக்கரை அடியோடு இறக்கினேன். வாசல் கதவைச் சாத்தினேன். பிறகு தலைவர் தந்த இலக்கத்துக்கு, என் ஃபோனில், ஊருக்கு வீடியோ அழைப்பெடுத்தேன். திரையில் தகரப் பந்தலுக்குக் கீழே பெரியவர் ஒருவரும் பின்னால் நிறையச் சனமும் தெரிந்தார்கள். அந்த ஃபோனை மிக்ஸரில் செருகி, அங்கிருந்து வரும் சத்தத்தைக் கோயில் ஸ்பீக்கருக்குத் திறந்துவிட்டேன். திரும்பி வரும் லைனைக் கோயிலுக்குள் திறக்கவே கூடாது, மைக் கூவும் என்று உங்களை எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். அன்றைக்கு நானே திறந்தேன்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த மைக்குக்குப் போனேன். "மைக் டெஸ்ட்" என்று இத்தாலியத்தில் சொன்னேன். மகள் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். ஒலிக்காரனை யார் கவனிக்கிறார்கள்? நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவருடைய பெயரைச் சொன்னேன். ஒரு மூச்சு விட்டேன். தகப்பனின் பெயரைச் சொன்னேன். ஒரு மூச்சு விட்டேன். ஊரைச் சொன்னேன். என் மன்னார் நாக்கில் அந்த மொழி எப்படி விழுந்ததோ தெரியாது. இடைவெளிகள் சரியாக இருந்தன. அவ்வளவுக்கு அதை நான் கேட்டிருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆப்பிரிக்காவுக்குச் சத்தம் போய்த் திரும்பக் கொஞ்சம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணைத் திறந்து மேசைப் பக்கம் பார்த்தேன்.

பிறகு ஸ்பீக்கரில் கிழவர் ஒருவரின் குரல் வந்தது. "நுவா அன்யி." எங்கள் பிள்ளை என்று அர்த்தம். அதற்குப் பின்னால் ஊர்ச் சனம் முழுவதும் அதையே சொன்னது. ஆண், பெண், குழந்தைகளின் குரலால் அந்தக் கல் கோயில் நிறைந்தது. மண்வெட்டி எடுக்கச் சொல்லிப் பெரியவர் அந்த நேரத்திலேயே கை காட்டினார் என்று தலைவர் பின்னர் சொன்னார்; பூசையில் அவர் எழும்ப வேண்டியிருக்கவில்லை. ஊர்ச் சத்தம் மைக்குக்குள் புகுந்து, மைக் மெல்லக் கூவத் தொடங்கியது. ஓடிப்போய்க் குறைக்க வேண்டியவன் நான். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் எழுந்துவிட்டாள். என்னை நோக்கி வந்தாள். அவளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, மைக்கை விட்டு ஒரு அடி விலகினேன். அவள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள், இன்னும் தொடங்காத லைவ் ஃபோனைப் பார்த்தாள். பெட்டியின் மேல் கையை வைத்தாள். முகம் முழுக்க ஈரம்.

"சத்தம் காணாது, ஸியோ" என்றாள். "நீங்கள் மிக்ஸருக்குப் போங்கோ. இந்த முறை நான் சொல்லுறன்."

மைக்கை அவளிடம் விட்டுவிட்டு நான் மேசைக்குப் போய், கூவலைக் குறைத்தேன். அவளுடைய குரலைக் கூட்டினேன்.